மீட்டிங் முடிஞ்சாச்சு... முடிவு என்னாச்சு? அலுவலகக் கூட்டங்கள் வீணாவது ஏன், சரிசெய்வது எப்படி?

திங்கள்கிழமை காலை 10 மணி. கான்ஃபரன்ஸ் ரூமில் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டாவது ஆள் மேனேஜர். 10.12-க்கு வருகிறார். "சரி, போன வாரம் எங்க விட்டோம்?" என்று ஆரம்பிக்கிறார். எங்கே விட்டோம் என்று யாருக்கும் நினைவில்லை. ஒவ்வொருவராக 'அப்டேட்' சொல்கிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மேசைக்குக் கீழே போனைப் பார்க்கிறார்கள். 11 மணிக்கு முடிய வேண்டியது 11.20 வரை இழுக்கிறது. "ஓகே, இதைத் தனியாப் பேசிக்கலாம்" என்பதோடு கூட்டம் கலைகிறது.

வெளியே டீ மெஷின் பக்கத்தில் இருவர் மெதுவாகக் கேட்டுக்கொள்கிறார்கள்: "அப்போ டெலிவரி தேதி மாறுதா, மாறலையா?"

பேச வேண்டியிருந்த ஒரே விஷயம் அதுதான். உள்ளே அதை மட்டும் யாரும் பேசவில்லை.

ஐ.டி. கம்பெனி, வங்கிக் கிளை, மருத்துவமனை நிர்வாகம், பள்ளி ஆசிரியர் கூட்டம் என இடம் மாறினாலும் காட்சி பெரிதாக மாறுவதில்லை. ஏன் இப்படி ஆகிறது? என்ன செய்தால் மாறும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு மணி நேர மீட்டிங், உண்மையில் எத்தனை மணி நேரம்?

கணக்கு எளிதுதான். எட்டுப் பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் செலவானது எட்டு மணி நேரம். அதாவது ஒருவரின் முழு நாள் வேலை. இதே மீட்டிங் தினமும் நடந்தால், அந்த டீமில் ஓர் ஊழியர் மாதம் முழுக்க மீட்டிங்கில் மட்டும் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். எட்டுப் பேருக்கும் தலா 50,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தினசரி மீட்டிங்குக்கு நிறுவனம் மாதம் 50,000 ரூபாய் கொடுக்கிறது. மேனேஜர் தாமதமாக வந்த 12 நிமிடங்களுக்கும் இதில் பங்கு உண்டு. காத்திருந்தது ஏழு பேர், ஆக 84 நிமிடங்கள்.

கனடாவின் ஷாப்பிஃபை நிறுவனம் இந்தக் கணக்கை வெளிப்படையாகவே போட்டது. 2023 ஜனவரியில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோர் கலந்துகொள்ளும் வழக்கமான தொடர் மீட்டிங்குகளை எல்லோருடைய கேலண்டரிலிருந்தும் ஒரேயடியாக நீக்கியது. புதன்கிழமைகளில் மீட்டிங்கே கூடாது என்றது. நீக்கிய மீட்டிங் மறுபடியும் தேவையா என்று யோசிக்க இரண்டு வாரம் அவகாசமும் கொடுத்தது. அதே ஆண்டு ஜூலையில், ஒரு மீட்டிங்கை கேலண்டரில் போடும்போதே அதற்கு ஆகும் செலவைக் காட்டும் கருவியையும் கொண்டு வந்தது.

எல்லா நிறுவனமும் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் 'இந்த மீட்டிங் எதற்காக ஆரம்பித்தது?' என்று கேட்டால் பதில் தெரியாத தொடர் மீட்டிங் பெரும்பாலான ஆபீஸ்களில் ஒன்றாவது இருக்கும். ஆரம்பித்தவர் வேலையை விட்டே போயிருப்பார். மீட்டிங் மட்டும் வாராவாரம் நடந்துகொண்டிருக்கும். தொடர் மீட்டிங் போடும்போதே அதற்கு முடிவுத் தேதியும் போட்டுவிடுவது நல்லது. மூன்று மாதம் கழித்து அது தானாக நின்றுவிடும். யாராவது தேடினால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

அப்டேட் சொல்ல மீட்டிங் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. 'இது முடிந்தது, அது பாதியில் நிற்கிறது' என்பதை மெயிலிலோ குரூப்பிலோ நான்கு வரியில் எழுதிவிடலாம். ஆட்களைக் கூட்ட வேண்டியது வேறு காரணங்களுக்காக. பலர் சேர்ந்து ஒரு முடிவெடுக்க வேண்டும், இரு தரப்பும் முட்டிக்கொண்டு நிற்கும் சிக்கலை அவிழ்க்க வேண்டும், அல்லது எழுத்தில் சொன்னால் மனம் புண்படும் விஷயத்தை நேரில் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் கட்டாயம் கூடிப் பேசத்தான் வேண்டும். வேலை போகிறது என்ற செய்தியை மெயிலில் அனுப்பிவிட்டு, லோகோ நிறத்தை முடிவு செய்ய ஒரு மணி நேரம் கூடுவது தலைகீழ் வழக்கம்.

ஐ.டி. துறையின் 'ஸ்டாண்ட்-அப்' ஒரு தனிக்கதை. ஸ்க்ரம் முறைப்படி அது 15 நிமிடம்தான். வேலை செய்பவர்கள் அன்றைய வேலையை தங்களுக்குள் திட்டமிட்டுக்கொள்வதற்காக வந்தது. நடைமுறையில் பல டீம்களில் அது மேனேஜரிடம் ஒவ்வொருவராகக் கணக்கு ஒப்பிக்கும் முக்கால் மணி நேரமாகிவிட்டது. நின்றுகொண்டு பேச வேண்டும் என்ற விதியும் எப்போதோ போய்விட்டது.

தலைப்பு போதாது, கேள்வி வேண்டும்

மீட்டிங் இன்வைட்டில் 'டெலிவரி தொடர்பாக' என்று மட்டும் இருந்தால் வருபவர் எதை யோசித்துக்கொண்டு வருவார்? ஒன்றும் யோசிக்க மாட்டார். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: '15-ம் தேதி டெலிவரி கொடுக்க முடியுமா? முடியாது என்றால் வாடிக்கையாளரிடம் யார், எப்போது சொல்வது?'

இப்போது யார் வர வேண்டும், யார் வர வேண்டாம் என்பதும் தெளிவாகிவிடுகிறது. டெஸ்டிங் செய்பவர் கட்டாயம் வேண்டும். வாடிக்கையாளரிடம் பேசுபவர் வேண்டும். தேதியை மாற்ற அதிகாரம் உள்ளவர் வேண்டும். முடிவை அறிந்துகொண்டால் மட்டும் போதும் என்பவர்களுக்கு, முடிந்த பிறகு ஒரு மெசேஜ் போதும். 'அவரைக் கூப்பிடலைன்னா தப்பா நினைப்பாரோ' என்பதற்காகவே கூப்பிடப்படுபவர்கள் நம் ஆபீஸ்களில் அதிகம். 'நீங்க வரணும்னு கட்டாயம் இல்லை, மினிட்ஸ் அனுப்பிடுறேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பலர் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள்.

உள்ளாட்சி மன்றக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதாக இருக்காது. ஒவ்வொரு பொருளுக்கும் எண் இருக்கும். விவரத்தைச் சொல்லும் அலுவலகக் குறிப்பு இருக்கும். அதன்பிறகுதான் தீர்மானம். கூட்டத்தில் சத்தமும் வெளிநடப்பும் இருந்தாலும், எதைப் பற்றிய சத்தம் என்பதாவது தாளில் இருக்கும். ஏசி ரூமில் நடக்கும் பல மீட்டிங்குகளில் அதுவும் இருப்பதில்லை.

அணு உலைக்கு இரண்டரை நிமிடம், சைக்கிள் ஷெட்டுக்கு முக்கால் மணி நேரம்

சிங்கப்பூரில் அப்போதைய மலாயா பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர் சி. நார்த்கோட் பார்க்கின்சன். 1957-ல் வெளியான 'பார்க்கின்சன் விதி' நூலில் ஒரு கற்பனை நிதிக்குழுக் கூட்டத்தை அவர் விவரிக்கிறார். கோடிக்கணக்கில் செலவாகும் அணு உலைத் திட்டம் இரண்டரை நிமிடத்தில் நிறைவேறிவிடுகிறது. அடுத்த பொருள், ஊழியர்கள் சைக்கிள் நிறுத்த ஒரு ஷெட். அதற்கு முக்கால் மணி நேரம் விவாதம். காபிச் செலவு பற்றிய பேச்சு அதையும் தாண்டி நீள்கிறது.

காரணம் எளிது. அணு உலை பற்றி யாருக்கும் தெரியாது, பேசினால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். சைக்கிள் ஷெட் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். நம்மூர் ஆபீஸ்களில் ஆண்டு விழா டி-ஷர்ட் நிறம், பொங்கல் விழா சாப்பாட்டு மெனு எல்லாம் இந்த ரகம். புதிய சாஃப்ட்வேர் வாங்க லட்சக்கணக்கில் கையெழுத்தாகும்போது அமைதியாக இருந்த அதே ஆட்கள், சாம்பார் சாதமா வெஜ் பிரியாணியா என்பதில் அரை மணி நேரம் சண்டை போடுவார்கள்.

இதற்கு மருந்து வரிசைதான். கடினமான பொருளை முதலில் வைக்க வேண்டும். சின்ன விஷயத்தை ஒருவரிடமே ஒப்படைத்துவிட வேண்டும். டி-ஷர்ட் நிறத்தை எட்டுப் பேர் சேர்ந்து முடிவு செய்யத் தேவையில்லை.

முதலில் படிக்கலாம், பிறகு பேசலாம்

அமேசானில் 2004-ல் ஜெஃப் பெசோஸ் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். மூத்த நிர்வாகிகள் கூட்டத்தில் பவர்பாயிண்ட் கூடாது. பேச வேண்டியதை முழு வாக்கியங்களில் அறிக்கையாக எழுதிவர வேண்டும், அதிகபட்சம் ஆறு பக்கம். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அமைதியாக அதைப் படிப்பார்கள். அதற்குப் பிறகுதான் பேச்சு.

ஏன் வீட்டிலேயே படித்துவிட்டு வரக்கூடாது? வர மாட்டார்கள் என்பதுதான் உண்மை. படித்ததாகச் சொல்லித் தலையாட்டுபவர்களை வைத்துக்கொண்டு பேசுவதைவிட, எல்லோரும் ஒன்றாகப் படிப்பது மேல். சின்ன ஆபீஸுக்கு ஆறு பக்கமெல்லாம் வேண்டாம். ஒரு பக்கம், பத்து நிமிடம் போதும்.

தமிழ்நாட்டு ஆபீஸ்களில் இந்த முறைக்கு இன்னொரு பயனும் உண்டு. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த ஓர் இளைஞருக்கு வேலை நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் வேகமாக ஓடும் மீட்டிங்கில், மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். பேசாமலேயே இருந்துவிடுவார். "அவருக்கு ஒண்ணும் தெரியாது போல" என்று பெயர் வாங்குவார். முதலில் படிக்க நேரம் கொடுத்தால் அவர் ஓரத்தில் இரண்டு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ள முடியும். அறையில் எல்லோருக்கும் தமிழ் தெரியும் என்றால், தமிழிலேயே சொல்லச் சொல்வதில் என்ன குறைந்துவிடப்போகிறது?

பேசாதவருக்குத் தெரிந்த உண்மை: கொலம்பியா சொல்லும் கதை

கூட்டத்தில் சொல்ல வேண்டியது சொல்லப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடுமையான உதாரணம், கல்பனா சாவ்லா பயணம் செய்த கொலம்பியா விண்கலம்.

2003 ஜனவரி 16-ல் கிளம்பிய கொலம்பியாவின் இடது இறக்கையில், புறப்பட்டு சுமார் 82 விநாடிகளில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் மோதியது. மறுநாள் வீடியோவில் இதைப் பார்த்த பொறியாளர்கள் கவலைப்பட்டார்கள். பாதிப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, சுற்றுப்பாதையில் இருக்கும் விண்கலத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகள் மேலே போய் நின்றுவிட்டன. படம் எடுக்கப்படவே இல்லை.

பயணத்தை மேற்பார்வை செய்யும் நிர்வாகக் குழு தினமும் கூட வேண்டும் என்பது விதி. 16 நாள் பயணத்தில் அது கூடியது ஐந்து முறை. ஜனவரி 24-ல் பொறியாளர்களின் ஆய்வு ஸ்லைடுகளாக முன்வைக்கப்பட்டது. அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு நம்பிக்கை தரும் தொனியில் இருந்தது. கடைசி வரிகளில்தான் முக்கியமான தகவல் இருந்தது. முன்பு சோதனை செய்து பார்த்த நுரைத்துண்டின் அளவு 3 கன அங்குலம். கொலம்பியாவில் மோதியதாகக் கணக்கிடப்பட்டது 1,920 கன அங்குலம். 640 மடங்கு! அதாவது, கையில் இருந்த சோதனை முடிவை வைத்து எதையும் உறுதியாகச் சொல்லவே முடியாது. இந்தச் சந்தேகம், அன்றே நிர்வாகக் குழுவிடம் வாய்மொழியாகச் சுருக்கிச் சொல்லப்பட்டபோது கரைந்து, 'பாதுகாப்புக்குப் பிரச்னை இல்லை' என்ற அளவில் போய்ச் சேர்ந்தது.

படம் எடுக்க மறுத்தது தவறு என்று ஒரு பொறியாளர் காட்டமாக மெயில் எழுதினார். மேலதிகாரிகளைத் தாண்டிப் போக வேண்டாம் என்று அதை அனுப்பாமல் விட்டுவிட்டார். பிப்ரவரி 1-ல் பூமிக்குத் திரும்பும்போது, தரையிறங்க சுமார் 16 நிமிடங்கள் இருக்கையில் கொலம்பியா சிதறியது. கல்பனா உட்பட ஏழு பேர் இறந்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான விசாரணைக் குழு அறிக்கை, நுரைப்பொருளோடு நாசாவின் நிர்வாகக் கலாசாரத்தையும் விபத்துக்குக் காரணமாகச் சொன்னது. மாற்றுக்கருத்து மேலே போய்ச் சேர வழியில்லாமல் இருந்ததையும், தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதில் ஸ்லைடுகளை நம்பியதையும் சுட்டிக்காட்டியது.

'யாருக்காவது டவுட் இருக்கா?' என்று கேட்டால் போதாதா?

போதாது. நாசாவிலேயே அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1986-ல் சேலஞ்சர் வெடிப்பதற்கு முந்தைய இரவு, கடும் குளிரில் ஏவலாமா என்று தொலைபேசி வழியாக ஒரு கூட்டம் நடந்தது. வேண்டாம் என்று முதலில் சொன்னது, பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள். பிறகு அந்த நிறுவனத்தின் நிர்வாகமே 'ஏவலாம்' என்று மாற்றிச் சொன்னது. இறுதியில் 'வேறு கருத்து உள்ளவர்கள் உண்டா?' என்று கேட்கப்பட்டது. யாரும் பதில் சொல்லவில்லை.

பெரியவர் முடிவைச் சொன்ன பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டால் எந்த ஊரிலும் இதே அமைதிதான் கிடைக்கும். நம்மூரில் கேட்கவே வேண்டாம். சின்ன வயதிலிருந்தே பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்டவர்கள், "சார், நீங்க சொல்றது தப்பு" என்று எட்டுப் பேர் முன்னால் சொல்லிவிட மாட்டார்கள்.

அதனால் கேட்கும் விதம் மாற வேண்டும். மேனேஜர் தன் கருத்தைக் கடைசியில் சொல்லலாம். டீமில் புதிதாகச் சேர்ந்தவரிடமிருந்து பேச்சைத் தொடங்கலாம். 'டவுட் இருக்கா?' என்பதற்குப் பதிலாக, "15-ம் தேதி இது சொதப்பிடுச்சுன்னு வைங்க, எதனால சொதப்பியிருக்கும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கலாம். இதற்குப் பதில் சொல்பவர் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில்தான் சொல்கிறார். டெஸ்டிங் டீமில் இருக்கும் பெண் "சர்வர் தாங்காது சார்" என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொன்னவரிடம் "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று எரிந்து விழுந்தால், அடுத்த மீட்டிங்கில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இரவு கால், அடுத்தடுத்த கால்

அமெரிக்க வாடிக்கையாளரோடு பேசும் டீம்களுக்குத் தனிப் பிரச்னை ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் காலை 9 மணி என்றால் அங்கே கோடைக்காலத்தில் நமக்கு இரவு 9.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும், மார்ச் வரை நமக்கு இரவு 10.30. இந்தியாவில் கடிகாரம் மாறுவதில்லை என்பதால் அந்த ஒரு மணி நேரம் சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்களின் தூக்கத்திலிருந்து போகிறது.

மீட்டிங்கை மாற்றி மாற்றி வைப்பது ஒரு வழி. நமக்குக் காலை 7.30 என்றால் கலிபோர்னியாவில் முந்தைய நாள் மாலை 7 மணி, குளிர்காலத்தில் மாலை 6. அவர்களுக்கும் அது கொல்லும் நேரம் இல்லை. ஒரு வாரம் நம் இரவு, மறுவாரம் அவர்கள் மாலை என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்காததால் மட்டுமே ஆண்டுக்கணக்கில் இரவில் நடக்கும் கால்கள் உண்டு. அதேபோல ஆறு பேர் மியூட்டில் உட்கார, ஒருவர் மட்டும் பேசும் இரவு காலுக்கு அந்த ஒருவர் போதும். மற்றவர்கள் காலையில் குறிப்பைப் படித்துக்கொள்ளலாம்.

அடுத்தடுத்து இடைவெளி இல்லாமல் வீடியோ கால் போடுவதும் நல்லதல்ல. மைக்ரோசாஃப்ட் 2021-ல் 14 பேரின் மூளை அலைகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், இடைவெளி இல்லாத மீட்டிங்குகளில் மன அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. நடுவில் பத்து நிமிடம் ஓய்வெடுத்தவர்களுக்கு அப்படி ஏறவில்லை. 30 நிமிட மீட்டிங்கை 25 நிமிடமாகப் போட்டால் தண்ணீர் குடிக்கவாவது நேரம் கிடைக்கும்.

மூன்று வரி மினிட்ஸ்

மீட்டிங் முடிந்ததற்கு அடையாளம், யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வார் என்று எழுதப்பட்ட குறிப்பு. 'பார்க்கலாம்', 'டீம் எடுத்துக்கும்', 'சீக்கிரமா முடிச்சிடலாம்' என்பதெல்லாம் முடிவு ஆகாது. 'டீம்' என்று எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள். ஒரு பெயர் இருக்க வேண்டும்.

நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடும்போது இதெல்லாம் சட்டப்படியே கட்டாயம். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின்படி பொதுவாக ஏழு நாள் முன்னறிவிப்பு, குறைந்தபட்ச வருகை, 30 நாட்களுக்குள் மினிட்ஸ் பதிவு எல்லாம் வேண்டும். அதே நிறுவனத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் மீட்டிங்குக்கு எதுவும் கிடையாது.

இதைக் கற்றுக்கொள்ள எங்கேயும் போக வேண்டாம். பலர் வீட்டில் அம்மாவோ அத்தையோ மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பார்கள். தவறாமல் கூட்டம் நடத்துவதும், கணக்குப் புத்தகங்களை அன்றன்றே எழுதி வைப்பதும் அந்தக் குழுக்களுக்கான ஐந்து அடிப்படை விதிகளில் இரண்டு. சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமல் திருப்பிச் செலுத்துவது மற்ற மூன்று. யாருக்குக் கடன், எவ்வளவு, எத்தனை தவணை என்பதைத் தீர்மானமாக எழுதி, வந்தவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். வங்கி கடன் கொடுக்கும்போது அந்தப் புத்தகத்தைத்தான் பார்க்கும். பத்தாவது தாண்டாத பெண்கள் மர நிழலில் உட்கார்ந்து பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை இது.

நீங்கள் மேனேஜர் இல்லையென்றால்?

மேலே சொன்னதில் பாதி மேனேஜர் கையில் இருக்கிறது. மீதியை யாரும் செய்யலாம். இன்வைட் வந்ததும், "இந்த மீட்டிங்ல என்ன முடிவு பண்ணப்போறோம்? அதுக்கேத்த மாதிரி தயாரா வர்றேன்" என்று பணிவாகவே கேட்கலாம். பல நேரம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதே அனுப்பியவர் மீட்டிங்கை ரத்து செய்துவிடுவார்.

கூட்டம் கலையும் நேரத்தில் "ஒரு நிமிஷம், டெலிவரி தேதி மாறுதா இல்லையான்னு மட்டும் எழுதிக்கவா?" என்று கேட்பதில் தவறில்லை. மினிட்ஸ் எழுதுவதைப் பலரும் எடுபிடி வேலையாக நினைக்கிறார்கள். பல ஆபீஸ்களில் அது டீமில் இருக்கும் பெண்களின் தலையில் போய் விழுகிறது. முறை வைத்து மாற்றி மாற்றி எழுதுவதே நியாயம். அதே சமயம், பத்து நாள் கழித்து யார் என்ன சொன்னார்கள் என்று தகராறு வரும்போது எல்லோரும் தேடுவது எழுதியவரின் குறிப்பைத்தான்.

மீட்டிங் முடிந்த அரை மணி நேரத்துக்குள் மூன்று வரியில் ஒரு மெயில்: என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதி. கடைசியில் 'இதில் தவறு இருந்தால் இன்று மாலைக்குள் சொல்லவும்' என்று ஒரு வரி. பதில் வராவிட்டால், அடுத்த திங்கள்கிழமை 10 மணிக்கு "எங்க விட்டோம்?" என்று கேட்கும்போது அந்த மெயிலைத் திறந்து காட்டலாம்.